மூங்கில் வளையலாம், வேர் அசையக் கூடாது: வல்லரசுகளுக்கு நடுவே வியட்நாம்

(கட்சிக் கல்வி வகுப்பில் 2025 செப்டம்பரில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கொல்கத்தாவில் அமெரிக்கத் துணைத் தூதரகம் அமைந்திருக்கும் சாலையின் பெயர் ஹோ சி மின் சரணி. ஒரு காலத்தில் அது ஹாரிங்டன் தெரு. வியட்நாம் மக்கள்மீது அமெரிக்கா குண்டு பொழிந்துகொண்டிருந்த நாள்களில் எழுந்த இயக்கம் அந்தப் பெயரை மாற்ற வைத்தது. அங்குள்ள அமெரிக்க அதிகாரிகள் தங்கள் முகவரியை எழுதும்போதெல்லாம், தங்கள் அரசால் தோற்கடிக்க முடியாமல்போன மனிதரின் பெயரையும் எழுத வேண்டியிருக்கிறது.

அந்த வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்கு 2023 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி பைடன் வந்தார். இரு நாட்டு உறவும் மிக உயர்ந்த நிலைக்கு உயர்த்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மூன்று மாதங்களில், டிசம்பரில், சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் அதே நகருக்கு வந்தார். 2024 ஜூனில் ரஷ்ய ஜனாதிபதி புடின் வந்தார். ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டிருக்கும் மூன்று அரசுகளின் தலைவர்களை, பத்தே மாதங்களில், கம்யூனிஸ்ட் கட்சி ஆளும் ஒரு வளர்முக நாடு அடுத்தடுத்து வரவேற்றது.

இது குறித்து நம் தோழர்களிடையே இரண்டு விதமான பேச்சுகள் உண்டு. வியட்நாம் தன் வரலாற்றை மறந்து விலைபோய்விட்டது என்பது ஒன்று. எல்லோருடனும் கைகுலுக்குவதே இந்தக் காலத்து ராஜதந்திரம், மோடி அரசும் அதைத்தானே செய்கிறது என்பது மற்றொன்று. முதல் பேச்சு கோபத்திலிருந்து பிறக்கிறது. இரண்டாவதை நாள்தோறும் தொலைக்காட்சிகள் ஊட்டுகின்றன. இரண்டுமே அந்த நாட்டின் அனுபவத்தைப் பார்க்க மறுக்கின்றன. வல்லரசுகளுக்கு இடையே சமநிலை காப்பது தூதர்களின் சாமர்த்தியத்தால் மட்டும் நடப்பதில்லை. அதன் பலம் நாட்டுக்குள்ளே இருக்கிறது. அதன் பலவீனமும் நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. இந்த ஒரு கருத்தை வியட்நாமை முன்வைத்து விளக்கவே இந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

நண்பர்களிடமும் கற்ற பாடம்

1954 இல் தியன் பியன் பூ போர்க்களத்தில் பிரெஞ்சுப் படையை வியட்நாமியர் முறியடித்தார்கள். போர்க்களத்தில் வென்றவர்கள் ஜெனீவா மாநாட்டு மேசையில் பாதி நாட்டைத்தான் பெற்றார்கள். 17ஆவது அட்சக்கோட்டில் நாடு பிரிக்கப்பட்டது. ஈராண்டுகளில் நடக்க வேண்டிய தேர்தல் நடக்கவேயில்லை. அந்த உடன்பாட்டைக் கண்காணித்த சர்வதேச ஆணையத்துக்கு இந்தியாதான் தலைமை வகித்தது. இன்னொரு பெரும்போர் வேண்டாம் என்று அன்று சோவியத் யூனியனும் சீனாவும் விரும்பின. அவற்றுக்கு அவற்றின் நியாயங்கள் இருந்தன. ஆனால், அந்தக் கோட்டுக்கு விலை கொடுத்தவர்கள் வியட்நாமியர்.

1960களில் சோவியத் யூனியனும் சீனாவும் பிளவுபட்டன. 1969 இல் உசூரி ஆற்றங்கரையில் இரு படைகளும் சுட்டுக்கொண்டன. அந்தப் பத்தாண்டு முழுவதும் வியட்நாம் இருவரிடமும் உதவி பெற்றது. ஒருவரிடம் பெறுவதற்காக மற்றவரைத் தூற்றவில்லை. 1969 செப்டம்பர் 2 அன்று மறைந்த ஹோ சி மின், சகோதரக் கட்சிகளுக்கிடையேயான பிளவு தன்னை எவ்வளவு வருத்துகிறது என்பதைத் தன் இறுதி சாசனத்தில் பதிவு செய்துவிட்டுப் போனார்.

1972 பிப்ரவரியில் நிக்சன் பெய்ஜிங் சென்றார். மே மாதம் ஹைபோங் துறைமுகத்தைக் கண்ணிவெடிகளால் அடைத்தார். அதே மாதம் மாஸ்கோவுக்கும் சென்று வரவேற்பைப் பெற்றார். வியட்நாம் எரிந்துகொண்டிருந்தபோதே அதன் இரு பெரும் நண்பர்களும் எதிரியுடன் உறவைச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். உதவி தொடர்ந்து வந்தது. அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் நண்பனுக்கும் தனி நலன் உண்டு என்பதை வியட்நாமியர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அடுத்து வந்தது இன்னும் கசப்பான காலம். 1978 நவம்பரில் சோவியத் யூனியனுடன் நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பரில் கம்போடியாவுக்குள் நுழைந்த வியட்நாம் படை, போல் பாட் ஆட்சியின் கொலைக்களங்களுக்கு முடிவு கட்டியது. 1979 பிப்ரவரியில் சீனா வியட்நாமின் வடக்கு எல்லையைத் தாக்கியது. ஐ.நா. சபையில் கம்போடியாவின் இருக்கை துரத்தப்பட்ட கொலைகாரர்களிடமே இருக்க வேண்டும் என்று அமெரிக்காவும் சீனாவும் ஒரே பக்கம் நின்று வாக்களித்தன. 1980 இல் கம்போடியாவின் புதிய அரசை அங்கீகரித்த மிகச் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

அமெரிக்காவின் வணிகத் தடை ஒருபுறம், எல்லையில் பகை மறுபுறம். ஒரே ஒரு நாட்டை நம்பியே வாழ வேண்டிய நிலை வியட்நாமுக்கு ஏற்பட்டது. 1986 இல் விலைவாசி ஓராண்டில் 700 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. அரிசியைக்கூட வெளியிலிருந்து வாங்கவேண்டியிருந்தது. ஊன்றுகோலாக இருந்த சோவியத் யூனியனே 1991 இல் மறைந்தது.

நிபந்தனை உள்ள நட்பு

இன்றைய வியட்நாமின் வெளியுறவுக் கொள்கை இந்த நெருக்கடியில் பிறந்தது. 1986 இல் நடந்த ஆறாவது கட்சிக் காங்கிரஸ் ‘தோய் மோய்’ என்னும் புதுப்பித்தல் பாதையைத் தேர்ந்தெடுத்தது. 1988 மே மாதம் அரசியல் தலைமைக்குழு நிறைவேற்றிய 13ஆவது தீர்மானம், நண்பர்களைப் பெருக்கிப் பகைவர்களைக் குறைக்க வேண்டும் என்றது. 1989 இல் படைகள் கம்போடியாவிலிருந்து திரும்பின. 1991 இல் சீனாவுடனும் 1995 இல் அமெரிக்காவுடனும் உறவு சீரானது. அதே 1995 இல் ஆசியான் அமைப்பிலும் வியட்நாம் சேர்ந்தது.

இந்தக் கொள்கையின் உட்கருவை 2003 ஆம் ஆண்டு மத்தியக் குழுத் தீர்மானத்தில் காணலாம். வியட்நாமின் சுதந்திரத்தையும் இறையாண்மையையும் மதித்து, சம நிலையில் பழகும் எவரும் கூட்டாளி. அவற்றைக் குலைக்க முயலும் எவரும் போராட்டத்துக்குரிய எதிர்த்தரப்பு. அதோடு தீர்மானம் நிற்கவில்லை. எதிர்த்தரப்பிடமும் ஒத்துழைக்கக்கூடிய அம்சம் இருக்கும்; கூட்டாளியிடமும் நம் நலனுக்கு முரணான அம்சம் இருக்கும்; இரண்டையும் பிரித்தறிய வேண்டும் என்றது. நாடுகளை நிரந்தர நண்பன், நிரந்தர எதிரி என்று பெயர்ப்பலகை மாட்டிப் பிரிக்காமல், ஒவ்வொரு உறவுக்குள்ளும் இருக்கும் முரண்பாட்டைப் பார்க்கும் முறை இது. இயங்கியலைப் படித்த தோழர்களுக்கு இது புதிதாக இருக்காது.

எதில் வளையக் கூடாது என்பதையும் அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 2019 இல் வெளியான பாதுகாப்பு வெள்ளை அறிக்கை நான்கு ‘இல்லை’களைச் சொல்கிறது. ராணுவக் கூட்டணியில் சேருவதில்லை. ஒரு நாட்டுக்கு எதிராக இன்னொரு நாட்டோடு அணிசேருவதில்லை. அந்நியப் படைத்தளத்துக்கோ, பிற நாட்டைத் தாக்கவோ தன் மண்ணைத் தருவதில்லை. சர்வதேச உறவுகளில் படைபலத்தைப் பயன்படுத்துவதோ, அதைக் காட்டி மிரட்டுவதோ இல்லை. காம் ரான் விரிகுடாவிலிருந்த தளத்தை 2002 இல் ரஷ்யா காலி செய்தது. அதன் பிறகு எந்த நாட்டுக்கும் அங்கே படைத்தளம் தரப்படவில்லை.

2014 மே மாதம் இந்தக் கொள்கை சோதனைக்கு உள்ளானது. தனக்கு உரிமையுள்ளதாக வியட்நாம் கருதும் கடற்பகுதியில் சீனா எண்ணெய்த் துளைமேடை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியது. தொழிற்பேட்டைகளில் கலவரம் மூண்டது, ஆலைகள் எரிந்தன. அரசு கடலில் தன் கப்பல்களை நிறுத்தி எதிர்ப்புத் தெரிவித்தது. பெய்ஜிங்குடன் பேச்சையும் தொடர்ந்தது. வாஷிங்டனிடம் ஓடிப்போய்க் கூட்டணி கேட்கவில்லை. ஜூலையில் துளைமேடை விலகியது. சிக்கல் தீர்ந்துவிடவில்லை, ஆனால், ஒரு வல்லரசின் அழுத்தத்துக்கு மருந்தாக இன்னொரு வல்லரசிடம் தன்னை அடகு வைக்கும் வழியை வியட்நாம் நாடவில்லை.

உறுதியான வேர், வலுவான தண்டு, வளையும் கிளைகள் என்று மூங்கிலை உவமை காட்டி இந்தக் கொள்கையை விளக்கியவர், 2024 ஜூலையில் மறைந்த பொதுச்செயலாளர் நுயென் பூ ட்ராங். உலக ஊடகங்கள் வளையும் கிளைகளைப் பற்றியே பேசுகின்றன. நாம் வேரைப் பார்ப்போம். நிலச் சீர்திருத்தம் கண்ட கிராமம், 95 சதவீதத்தைக் கடந்த எழுத்தறிவு, சொந்தச் சோறு. 1980களில் அரிசிக்குக் கையேந்திய நாடு, 1989 முதல் உலகின் பெரும் அரிசி ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக நிற்கிறது. யாருடைய கப்பலுக்கும் காத்திருக்காத வயிறுதான் முதல் ராஜதந்திரி.

சட்டைக்குள் ஓடும் எல்லைக்கோடு

ஆனால் வேரின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். நட்பு நாடு என்பதற்காகக் குறையை மூடி மறைப்பது நமக்கு உதவாது.

2024 இல் வியட்நாமின் மொத்த ஏற்றுமதி ஏறக்குறைய 40,500 கோடி டாலர். அதில் ஏறக்குறைய 12,000 கோடி டாலர் சரக்கு அமெரிக்கா ஒன்றுக்கே போனது. அதாவது பத்தில் மூன்று பங்கு. அதே ஆண்டு சீனாவிலிருந்து ஏறக்குறைய 14,400 கோடி டாலர் பொருள்கள் இறக்குமதியாயின. துணி, இயந்திரம், மின்னணு உதிரிப் பாகம் ஆகியவை வடக்கிலிருந்து வருகின்றன; தைத்து, பொருத்தி, பெட்டியில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். ஏற்றுமதியில் 70 சதவீதத்துக்கும் மேல் அந்நிய முதலீட்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. நைக் நிறுவனத்தின் காலணிகளில் ஏறத்தாழ பாதி வியட்நாமியத் தொழிலாளர்களின் கைகளில் உருவாகின்றன. ஆனால் அந்தப் பெயரும் லாபமும் அவர்களுடையவை அல்ல.

2025 ஏப்ரல் 2 அன்று டிரம்ப் உலக நாடுகள்மீது வரிப் போரை அறிவித்தபோது, வியட்நாமுக்கு எழுதிய எண் 46 சதவீதம். ஒன்றரை ஆண்டுக்கு முன் உறவை மிக உயர்ந்த நிலைக்கு உயர்த்திய அதே நாடு அது. இரண்டு நாள்களில் பொதுச்செயலாளர் டோ லாம் டிரம்புடன் தொலைபேசியில் பேசினார். அதே மாதம் 14 ஆம் தேதி ஷி ஜின்பிங் ஹனோயில் இருந்தார். ஜூலை 2 அன்று டிரம்ப் ஓர் உடன்பாட்டை அறிவித்தார். வியட்நாம் பொருள்களுக்கு 20 சதவீத வரி. வேறு நாட்டுப் பொருள் வியட்நாம் வழியாக வந்தால் 40 சதவீதம். அமெரிக்கப் பொருள்களுக்கோ வியட்நாமில் வரியே இருக்காது.

அந்த 40 சதவீதம் சீனாவைக் குறிவைத்தது. வியட்நாமில் தைத்த சட்டையின் துணி எங்கே நெய்யப்பட்டது, கணினியின் உள்பாகம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கேட்டு, சீனாவோடு இருக்கும் தொழில் உறவை அறுக்கச் சொல்லும் ஏற்பாடு அது. மறுபக்கம், தன் நலனை விட்டுக்கொடுத்து அமெரிக்காவோடு ஒப்பந்தம் செய்யும் நாடுகளுக்குப் பதிலடி உண்டு என்று சீன வணிக அமைச்சகம் ஏப்ரலிலேயே எச்சரித்திருந்தது. வல்லரசுகளுக்கு இடையிலான எல்லைக்கோடு கடலில் மட்டும் ஓடவில்லை. ஒவ்வொரு சட்டையின் தையலுக்குள்ளும் ஓடுகிறது.

வரி உயர்ந்தால் வாங்கும் நிறுவனம் ஆலை முதலாளியிடம் விலையைக் குறைக்கச் சொல்லும். அவர் கூலியையும் மிகைநேர வேலையையும் கணக்கிடுவார். கடைசிச் சுமை தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் தோளில் இறங்கும். சோறு சொந்தமாக இருந்ததால் வியட்நாம் நிமிர்ந்து நின்றது. சந்தையும் மூலதனமும் அந்நியர் கையில் இருந்ததால், 46 என்ற எண்ணைக் கண்டதும் இறங்கிப் பேச வேண்டியிருந்தது. இரண்டும் உண்மை.

நமது நாட்டுக் கணக்கு

இந்தக் கண்ணாடியில் இப்போது நம் நாட்டைப் பார்ப்போம்.

1965 இலும் 1966 இலும் மழை பொய்த்தது. பி.எல். 480 திட்டத்தின்கீழ் வந்த அமெரிக்கக் கோதுமையை நம்பி நாடு இருந்தது. 1966 ஜூலையில் இந்திரா காந்தி மாஸ்கோ சென்றபோது வெளியான கூட்டறிக்கை, வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்தக் கோரியது. ஜனாதிபதி ஜான்சன் சினமுற்றார். தானிய அனுமதியைத் தாமதப்படுத்தித் தாமதப்படுத்தி, தவணை தவணையாகவே கொடுத்தார். வியட்நாமுக்காக வாய் திறந்ததன் விலை இந்தியாவின் ரேஷன் கடையில் கணக்கிடப்பட்டது.

அதே காலத்தின் இன்னொரு பக்கம் பொகாரோ. பொதுத்துறையில் உருக்காலை அமைக்க உதவ அமெரிக்க நாடாளுமன்றம் மறுத்தது. சோவியத் யூனியன் முன்வந்தது. அணிசேராக் கொள்கையின் உருப்படியான பயன் அதுதான். ஒருவர் மறுத்தால் இன்னொருவரிடம் கேட்க முடிந்தது. கேட்டுப் பெற்றது நாட்டின் சொத்தாக நின்றது. அந்தக் கொள்கையை நடத்தியதும் முதலாளித்துவ அரசுதான். நிலச் சீர்திருத்தத்தை அது பாதியில் கைவிட்டது. அதனால்தான் வேர் ஆழமாகப் போகவில்லை.

இன்றைய நிலை என்ன? ‘பல்திசை உறவு’ என்று மோடி அரசு பெருமை பேசுகிறது. அமெரிக்காவுடன் 2016, 2018, 2020 ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து ராணுவ ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. ‘குவாட்’ அமைப்பில் இந்தியா இருக்கிறது. 2019 மே மாதம், அமெரிக்கா கண் உருட்டியதும் ஈரானிடம் எண்ணெய் வாங்குவது நின்றது. 2025 ஜூனில் காஸாவில் போர் நிறுத்தம் கோரி ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்தை 149 நாடுகள் ஆதரித்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. வளைந்தது கிளையா, வேரா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கிடைத்தது என்ன? 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருள்களுக்கு 25 சதவீத வரி. ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதம். திருப்பூர்ப் பின்னலாடை, சூரத் வைரம், ஆந்திரக் கடலோர இறால், பதோஹிக் கம்பளம் ஆகியவை 50 சதவீதச் சுவரின் முன் நின்றன. உடனே பிரதமர் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு சீனாவுக்குப் போனார். சீனாவுடன் பேசுவதை நாம் வரவேற்கிறோம். அண்டை நாட்டுடன் சுமுக உறவு வேண்டும் என்பது நாம் எப்போதும் கூறிவருவது. ஆனால் 2024-25 இல் அந்த நாட்டுடனான வணிகப் பற்றாக்குறை ஏறத்தாழ 9,900 கோடி டாலர். சொந்தத் தொழில் அடித்தளத்தைத் தேயவிட்டுவிட்டு, ஒரு வாசல் அடைபட்டதும் மறு வாசலுக்கு ஓடுவதைத் தற்சார்பு என்று அழைக்க முடியாது.

ரஷ்ய எண்ணெயையே எடுத்துக்கொள்வோம். எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே வாங்கும் உரிமை இந்தியாவுக்கு உண்டு. அதைத் தடுக்க அமெரிக்காவுக்கு அதிகாரமில்லை. இதில் தயக்கமே வேண்டாம். ஆனால் தள்ளுபடி எண்ணெயில் பெரும்பங்கை வாங்கிச் சுத்திகரித்து, ஐரோப்பாவுக்கு டீசலாக விற்று லாபம் பார்த்தவை தனியார் நிறுவனங்கள். அந்தத் தள்ளுபடி பெட்ரோல் பம்பில் நின்றவருக்கு வந்து சேரவில்லை. அதற்கான தண்டனை வரி மட்டும் பின்னலாடைத் தொழிலாளிக்கு வந்து சேர்ந்தது.

ஆகஸ்ட் 7 அன்று, விவசாயிகளின் நலனில் சமரசம் இல்லை என்று பிரதமர் மேடையில் முழங்கினார். ஆகஸ்ட் 19 முதல், பருத்தி இறக்குமதிமீதான 11 சதவீத வரி நிறுத்தி வைக்கப்பட்டது. முதலில் செப்டம்பர் இறுதிவரை என்றார்கள். பிறகு டிசம்பர் இறுதிவரை நீட்டினார்கள். புதிய பருத்தி சந்தைக்கு வரும் மாதங்கள் இவை. விதர்ப்பாவின் விவசாயி, அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த பருத்தியோடு போட்டியிட வேண்டியிருந்தது.

நம் வேலை

தோழர்களே, இங்கேதான் நமக்குக் கடினமான பணி காத்திருக்கிறது. வரி நீக்கப்பட்டால் நூல் விலை குறையும், வேலை தப்பும் என்று பின்னலாடைத் தொழிலாளியிடம் சொல்கிறார்கள். அவருடைய அச்சம் பொய்யல்ல. வரி நீக்கப்பட்டால் விலை விழும் என்று பருத்தி விவசாயி அஞ்சுகிறார். அதுவும் பொய்யல்ல. இருவரும் நம் சங்கங்களில் இருக்கிறார்கள். வல்லரசு தொடுத்த அடியை, இவ்விருவரில் ஒருவர் தலையிலிருந்து மற்றவர் தலைக்கு மாற்றுவதைத்தான் அரசு ‘தீர்வு’ என்கிறது.

நம் மாற்று தெளிவாக இருக்க வேண்டும். இந்தியப் பருத்திக் கழகம் கட்டுப்படியாகும் ஆதார விலையில் விவசாயியிடம் கொள்முதல் செய்து, ஆலைகளுக்கு நியாயமான விலையில் வழங்கட்டும். இடைப்பட்ட செலவை அரசு ஏற்கட்டும். ஏற்றுமதியாளருக்குத் தரும் நிவாரணம், ஆள்குறைப்பும் கூலிக் குறைப்பும் இல்லை என்ற நிபந்தனையோடு தரப்படட்டும். உள்நாட்டு மக்களின் வாங்கும் சக்தி உயரட்டும்; நம் மக்களே வாங்கக்கூடிய சட்டைக்கு டிரம்ப் வரி போட முடியாது.

வெளியுறவு பற்றி யார் எதைப் பேசினாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். எதை எந்த விலைக்கும் விற்பதில்லை என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? பேரம் நடக்கும்போது பலன் எந்த வர்க்கத்துக்கு, சுமை எந்த வர்க்கத்துக்கு? வேண்டாம் என்று சொல்லும் வலிமையை நாட்டுக்குள் எங்கே கட்டுகிறீர்கள்?

இந்தக் கேள்விகளை வியட்நாமுக்கும் வைக்கலாம். முதலாவதற்கு அந்த நாட்டிடம் தெளிவான பதில் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் அங்கே விடை இன்னும் முழுமையாகவில்லை. மோடி அரசிடம் மூன்றுக்குமே பதில் இல்லை. அந்தப் பதிலைத் தலைவர்களின் கைகுலுக்கலில் தேட வேண்டாம். பருத்திக் காட்டிலும் பனியன் ஆலையிலும் நிற்கும் மக்களை ஒன்றாகத் திரட்டும் வேலையில்தான் அது உருவாகும்.